மாடி மீட்டர்

"எங்களுக்குள்ள பேச்சே கெடையாது சார். மேல அவங்க தனி, கீழ நான் தனி" என்றார் துளசிங்கம்.

மின்வாரிய அலுவலர் தினகரன் களைப்போடு தலையசைத்தார். ஒரே குடும்பம் என்றால் ஒரே மீட்டர்தான். இலவச யூனிட் இரண்டு பங்காகக் கிடைக்கட்டும் என்று குடும்பத்தைப் பிரித்துக் காட்டும் நாடகங்களைத் தாம்பரம் முழுக்கப் பார்த்துவிட்டார். இந்தச் சேலையூர் வீட்டைப் பற்றி யாரோ பெயர் சொல்லாமல் போனில் புகார் செய்திருந்தார்கள்.

கீழே ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், ஒரு பழைய டிவி. இவ்வளவுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். மீட்டர் அதைப்போல மூன்று மடங்கு காட்டியது.

மாடியில் கதவைத் திறந்தவர் துளசிங்கத்தின் மனைவி நாகலக்ஷ்மி. அடுப்பில் நிஜமாகவே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"நாலு வருஷமா தனி அடுப்பு சார். மீட்டர எடுத்துட்டா, அந்த ஆளு வூட்டுல நான் ஒண்டிக்கினு கீற மாதிரி ஆயிடும்."

"அப்படி என்னம்மா சண்டை?"

"அது ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு. யாரு மொதல்ல பேசறதுன்றதுதான் இப்ப தகராறு."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வாஷிங்மெஷின் வேறு. ஆனால் மாடி மீட்டரில் ஏறியிருந்தது ஒரு ஃபேனுக்கான யூனிட்கூட இல்லை.

ஃபிரிட்ஜ் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. எட்டிப் பார்த்தார். கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்த தடித்த வயர் ஒன்று ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் வாஷிங்மெஷினுக்கும் பிரிந்து போயிற்று.

துளசிங்கத்தை மேலே கூப்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு குடும்பம்னீங்க. இவங்க ஏசி எப்படி சார் உங்க கரண்ட்ல ஓடுது?"

  

"பில்லுக்குப் பயந்துகினு, ஏசி போடாம புழுக்கத்துல கெடந்தாங்க சார்" என்றார் துளசிங்கம், தரையைப் பார்த்தபடி. "அவங்க ஊருக்குப் போயிருந்தப்ப ஆள வெச்சு வயர் இழுத்துட்டேன்."

"இவர ஆரு கேட்டா?" என்று கத்தினார் நாகலக்ஷ்மி. "எனக்குத் தெரியாம என் வூட்டுல வயர் இழுப்பாரா? இன்னான்னு கேளுங்க சார்!"

தினகரனுக்கு அலுத்துவிட்டது. "மாடி மீட்டரை எடுத்துடுவோம்மா. இனிமே ஒரே லைன்தான்."

"அப்ப சமையலும் ஒண்ணாதான் இருக்கணுமா?"

"ஒரே லைன்னா ஒரே குடும்பம்தான்மா. அடுப்பும் ஒண்ணுதான்."

"கவர்மெண்ட்டே சொல்லிட்டப்புறம் நான் இன்னா பண்றது" என்று முனகியபடி அடுப்பை அணைத்தார். துளசிங்கம் கீழே இறங்கிப் போனார்.

தினகரன் வண்டியருகே வந்து வெகுநேரம் சும்மா நின்றார். பொய்யர்களைப் பிடிக்க வந்து, ஒரு பெண்ணின் ரோஷத்தைப் பிடுங்கிக்கொண்டு போவதாகத் தோன்றியது.

கேட் திறக்கும் சத்தம். மோர் டம்ளரோடு வந்த நாகலக்ஷ்மி, கீழ்வீட்டு ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன் பண்ணது நான்தான் சார். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."