வெள்ளை வீட்டுப் பக்கம்

ஜனவரிக் குளிரில் கெலிபியா கடற்கரைக்கு யாரும் வருவதில்லை. கேமராவோடு திரிந்த அந்தப் பெண்ணை, கோடைக்கால வீடுகளின் காவலாளி ஹெதி மூன்று நாளாகக் கவனித்தான். கடலைப் படம் பிடித்தவள் அடிக்கடி அவன் காவலில் இருந்த வெள்ளை வீட்டுப் பக்கமும் திரும்பினாள். அது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

நேரே போய்க் கேட்டுவிட்டான். "யாரும்மா நீங்க? பூட்டிக் கிடக்கிற வீட்டை எதுக்குப் படம் எடுக்கறீங்க?"

"கூட்டமில்லாத கடலை எடுக்கத்தான் வந்தேன்."

"திருட்டுப் பசங்க இப்படித்தான் நோட்டம் விடுவாங்க. வீட்டுப் படத்தை அழிச்சிடுங்க. பாரிஸ்ல இருக்கிற முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"பூட்டின வீடுன்னா, மாடியில குழந்தைத் துணி காயுதே. யாரோடது?"

ஹெதி மாடியைத் திரும்பிப் பார்த்தான்.

"என் பொண்ணோடதும்மா. எங்க வீடு மழையில ஒழுகுது. கோடைக்கு முன்னாடி இதைக் காலி பண்ணிடுவோம். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

"அவரு போன மாசமே வீட்டை வித்துட்டாரு. வாங்கினது நான்தான். உள்ள திருடங்க இருக்காங்கன்னு பயந்து மூணு நாளா ஓட்டல்ல தங்கியிருக்கேன். போலீசுக்குக் காட்டத்தான் வீட்டைப் படம் எடுத்தேன்."

ஹெதி வீட்டுச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் வானத்தைப் பார்த்தாள். "மழை வரும் போலிருக்கு. முதல்ல துணியை எடுக்கச் சொல்லுங்க. எனக்குக் கடல் பக்கத்து ரூம் மட்டும் போதும்."