தட்டைப் பிடித்த விரல்கள்

பதினாறு நாட்களாக அவள் பால் குடிக்கவில்லை.

தேநீர் இல்லை. மோர் இல்லை. அம்மா தயிர்ச்சட்டியைத் திறந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

இப்போது அம்மன் தலையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கறுத்த கல்லின் நெற்றியில் விழுந்து, மூக்கருகே பிரிந்து, முகவாயில் கூடிச் சொட்டியது. சொசைட்டிப் பால். கொழுப்பு நாலேகால் இருக்கும் என்று நினைத்தாள். எண்ணத்தை அந்த எண்ணிலேயே நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

அம்மன் முன்னால் குமட்டக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஊரே கோயிலில் நின்றது. அவளைப் பார்க்கத்தான்.

ஊர்ப் பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கும் டெஸ்டர் அவள். வேதியியல் படித்தவள். பதினாறு நாட்களுக்கு முன்பு, சொசைட்டியின் ஆண்டு விழாவுக்காகப் பால்வாடிக்கு ஒரு கேன் பால் இலவசமாகப் போனது. குடித்த பதினொரு குழந்தைகளும் வாந்தி எடுத்தார்கள். மூன்று பேருக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

கேனைக் கழுவாமல் விட்டவள் அவள்தான் என்றார் செயலாளர் நாச்சிமுத்து.

"கழுவினேனுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மிச்சத்தைச் சொல்லவில்லை. அப்பாவின் நான்கு மாடுகளின் பாலும் அந்தச் சொசைட்டிக்குத்தான் போகிறது. வாயைத் திறந்தால் அந்தப் பால் நாளை முதல் சாக்கடைக்குத்தான் போகும் என்று அன்றைக்கே நாச்சிமுத்து சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அம்மாவுக்கும் தெரியாது. அம்மனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியும். நீயே சொல்லிவிடு.

தினமும் குளித்துவிட்டு வந்து இதே மூன்று வரிகள். யாரோ ஒருத்திக்குத் தெரியும் என்பதே அவளைப் பதினாறு நாட்களும் நிமிர்ந்து நடக்க வைத்தது.

அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

நாச்சிமுத்துதான் சொன்னார். "கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

அந்த ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. குற்றம் சொல்பவர் தன் கையால் எதிராளிக்குத் திருநீறு பூசிக் கற்பூரத் தட்டை நீட்ட வேண்டும். எதிராளி உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்துவிட்டு, கண்ணால் கண்டதை வாயால் சொல்ல வேண்டும். வாய் திறக்காவிட்டால் குற்றம் உறுதி.

அவள் வாய் திறக்க மாட்டாள் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். வளைகாப்பில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னால் சமையலறைக்குள் ஒளிகிறவள்.

பின்னால் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"பாலை மோந்து பாக்கறதுக்கு மூணு வருசப் படிப்பாமா."

"அப்ப கேனைக் கழுவறதுக்கு எத்தன வருசமோ, போ."

சிரிப்பு.

அம்மா அவள் முழங்கையைத் தொட்டாள். "அம்மன் பாத்துக்குவா கண்ணு."

அபிஷேகப் பாலை எல்லோர் உள்ளங்கையிலும் வார்த்துக்கொண்டு வந்தார் பூசாரி. எல்லோரும் உறிஞ்சினார்கள். அவள் விரல்களை லேசாக விரித்தாள். பால் மண்ணில் சொட்டியது. கையைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

நாச்சிமுத்து தட்டோடு எதிரில் வந்து நின்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தாள்.

வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சுத்தமான விரல்கள். ஒட்ட வெட்டிய நகங்கள்.

பதினாறு நாட்களாக அவள் கண் அந்த இரண்டு விரல்களின் பின்னாலேயே போனது. அவை போண்டாவைப் பிட்டன. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தன. ஒவ்வொரு முறையும் அவள் தன் விரல்களைப் பாவாடையில் துடைத்தாள்.

"கண்ட கண்ணு கண்டதைச் சொல்லோணும் அம்முணி" என்றார் பூசாரி. "கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

நாச்சிமுத்து குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"கம்முனு நின்னுட்டுப் போயிரு. மாடு நாலும் பொழச்சுப் போவட்டும்."

தட்டை இடது கைக்கு மாற்றினார். இரண்டு விரல்களும் திருநீற்றைக் கிள்ளி எடுத்தன.

அவள் நெற்றியை நோக்கி வந்தன.

தொட்டன.

இடமிருந்து வலமாக, நிதானமாக, இழுத்தன. உதிர்ந்த சாம்பல் அவள் உதட்டில் விழுந்தது.

இத்தனை நாளும் பயம்தான் மேலே கிடந்தது. இப்போது அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று அடிவயிற்றிலிருந்து எழும்பியது. அடக்க முடியாது என்று தெரிந்தது. அம்மன் காலடியிலேயே வாந்தி எடுக்கப் போகிறோம் என்று நினைத்தாள்.

நிமிர்ந்து அம்மனைப் பார்த்தாள்.

முகவாயில் இன்னும் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மனும் அதைத் துடைக்க ஆளில்லாமல்தான் நின்றாள்.

அவள் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. அணைந்தது.

வாய் திறந்தது.

குரல்தான் வந்தது. தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது.

"கேன்ல எலி செத்து மெதந்துச்சுங்க. இந்த ரெண்டு வெரல்லதான் வாலைப் புடிச்சு எடுத்து வீசிட்டு, அந்தப் பாலையே கொழந்தைகளுக்கு அனுப்புனாருங்க."