பளிச்சென்று துடைத்த லென்ஸ்

இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிற அந்தப் பழைய ஃபிலிம் கேமரா, கடை மேஜையில் இரண்டு கண்களோடு பளபளவென்று நிற்கிறது. பழைய கேமராக்களை வாங்கி விற்கிற கடைக்காரர் பின்மூடியைத் திறந்து டார்ச் அடிக்கிறார். எதிரே அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற கணவன் காலையில்கூடச் சொன்னான்: “அதை வித்தா ஆபரேஷனுக்கு ஆச்சு, பயப்படாதே.” வெளிச்சம் லென்ஸைக் கடக்கும்போது மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாக எரிகின்றன. “அக்கா, இதை யார் துடைச்சது?” “நான்தான் தம்பி. பாத்திரம் தேய்க்கிற பொடி போட்டுத் தேய்ச்சேன். அழுக்கா கொண்டாந்தா யார் மதிப்பாங்க?” அவர் நெற்றியைத் தடவிக்கொள்கிறார். “அழுக்கோட கொண்டாந்திருந்தா நீங்க கேட்டதுக்கு மேலயே கொடுத்திருப்பேன். தேடி வாங்குறவங்க முதல்ல பாக்குறது கண்ணாடியைத்தான். அது மேல இருந்த பூச்சே போயிடுச்சு. இனி அலமாரியில அழகுக்கு வைக்கலாம், அவ்வளவுதான்.” டார்ச் அணைகிறது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போகிறது. அவள் கேமராவை மடிக்கு இழுத்து, லென்ஸில் வாயால் ஊதி, முந்தானையால் துடைக்கத் தொடங்குகிறாள், காலையில் துடைத்ததைவிட அழுத்தி.