வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆள்

"அந்தப் புண்ணியவான் யாருன்னு மட்டும் சொல்லுங்க சார், நான் கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன்!"

நெட்டை போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பல்கலைக்கழக அட்மிஷன் அலுவலக கிளார்க். காலையிலிருந்து அவளிடம் அகப்பட்டுக்கொண்டு மனுஷர் களைத்துப் போயிருந்தார்.

"பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சீட் கிடைச்சவங்க இன்னும் வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. வேண்டாம்னா உடனே உங்களுக்கு மெயில் வந்துடும். நீங்கதானே வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆளு?"

"அஞ்சு மணிக்குள்ள அவங்க எதுவுமே சொல்லலைன்னா?"

"அதோட லிஸ்ட் காலாவதிம்மா."

போனை வைத்தாள். மணி நாலைத் தாண்டியிருந்தது.

பொருளாதாரத்தில் பிஎச்.டி. சேர விண்ணப்பித்தவளுக்குக் கடலோரப் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்துவிட்டது. மனசு கிடப்பதோ, வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும் மலைப் பல்கலைக்கழகத்தில். கூலி வேலைக்காரர்களின் வருமானம் பற்றி அவள் தேடித் தேடிப் படித்த கட்டுரைகளையெல்லாம் எழுதிய பேராசிரியை அங்கேதான் இருக்கிறார். இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு பெறப் போவதால் புது மாணவர்களைச் சேர்ப்பதை இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அவரிடம் சேர வேண்டும் என்பதற்காகவே கிடைத்த வங்கி வேலையை உதறிவிட்டு, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நெட்டை.

கையில் இருக்கும் கடலோர சீட்டை ஐந்து மணிக்குள் ஏற்க வேண்டும். ஏற்றால் மற்ற லிஸ்டிலிருந்து பெயர் தானாகவே போய்விடும். ஏற்காவிட்டால் அந்த சீட்டும் போய்விடும்.

"எவனோ ஒருத்தன் ரெண்டு சீட்டையும் மடியில கட்டிக்கிட்டு ஆட்டம் காட்டறான்டி" என்று பொருமினாள்.

எதிர்க் கட்டிலில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் குட்டை. இருவரும் எம்.ஏ.யில் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. வாரச் சந்தையில் பண்டமாற்று எப்படி நடக்கிறது என்று ஆய்வறிக்கை எழுதி மெடல் வாங்கியவள் குட்டை.

"இதுங்கல்லாம் பொருளாதாரம் படிச்சு யாரை வாழ வைக்கப் போகுதுங்க?" குட்டை பல்லைக் கடித்தாள். "பின்னாடி ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாளேன்னு ஒரு நெனப்பு வேணாம்?"

தனக்காக இவள் இப்படிக் கொதிப்பாள் என்று நெட்டை எதிர்பார்க்கவில்லை.

"எந்த யூனிவர்சிட்டின்னு உங்கிட்ட சொல்லி அழக்கூட முடியல பாரு."

"மூச்! ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான்."

போன வருஷம் பக்கத்து அறை சீனியர்கள் இரண்டு பேர் ஒரே சீட்டுக்குப் போட்டி போட்டு, கடைசியில் குளிக்கிற வாளியைக்கூடச் சங்கிலி போட்டுப் பூட்டி வைக்கிற அளவுக்கு முறைத்துக்கொண்டார்கள். அந்தக் கூத்தைப் பார்த்துத்தான், அட்மிஷன் முடியும் வரை எங்கே போட்டோம், எங்கே கிடைத்தது என்று வாயே திறப்பதில்லை எனத் தோழிகள் இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

"உனக்கென்ன, கிடைச்ச சீட்டோட நிம்மதியா உக்காந்திருக்க."

"ம்" என்றாள் குட்டை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நெட்டையின் போன் அடித்தது. அக்கா.

"ஓகே குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா. கொஞ்ச நேரம் பாக்கறேன்."

"பைத்தியமாடி உனக்கு? அப்பாகிட்ட உனக்காக மல்லுக்கு நின்னவ நான். ரெண்டும் இல்லாம வந்து நின்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"இத விட்டா அந்த மேடம்கிட்ட படிக்கவே முடியாதுக்கா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்காவின் குரலும் இறங்கியது. "தெரியுதுடி கண்ணு. ஆனா கைக்கு வந்தது ஒண்ணுதானே? அத விட்டுடாதே."

மெயிலை மறுபடி திறந்தாள். எதுவும் வரவில்லை. திரும்பத் திரும்பத் திறந்தாள். ஏதோ விளம்பரம் ஒன்றுதான் வந்து விழுந்தது.

"ஏய் குட்டை, என் இடத்துல நீ இருந்தா என்ன செய்வ? கையில இருக்கறத விட்டுட்டுத் துணிஞ்சு நிப்பியா?"

குட்டை லேப்டாப் திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "மாட்டேன்டி. எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல" என்றாள். குரல் கம்மியிருந்தது.

மணி ஐந்தாக இன்னும் சில நிமிடங்களே இருந்தன. நெட்டை கண்ணை மூடிக்கொண்டு கடலோர சீட்டை ஏற்கும் பட்டனை அமுக்கினாள். 'வாழ்த்துகள்' என்றது திரை. அதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப் மூடும் சத்தம் கேட்டது. குட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. பாவம், எனக்காக அழுதிருக்கிறாள் என்று நினைத்தபோது நெட்டைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"போகட்டும் விடு. மணி அஞ்சாச்சு, ஒப்பந்தமும் முடிஞ்சது" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "எனக்குக் கடலோர யூனிவர்சிட்டின்னு எழுதியிருக்கு. உனக்கு எதுடி?"

முதுகைத் தடவிய கை அப்படியே நின்றது.

"கடலோரத்துல வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆளு நான்தான்டி" என்றாள் குட்டை. "அங்க யாராவது விட்டுக்கொடுத்துடுவாங்கன்னு கடைசி நிமிஷம் வரைக்கும் பாத்துட்டு, வேற வழியில்லாம இப்பத்தான் மலை யூனிவர்சிட்டிக்கு ஓகே குடுத்தேன்."