பிழையில்லாத மனு

தட்டச்சு வகுப்பின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து மரியசூசை வாசிப்பார். எண்ணெய் டின்னில் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பிதான் அவருடைய வாத்தியம். பஸ் ஹாரன் அடித்தால் அந்தச் சுருதிக்கு மாறுவார். எதிர்வீட்டுக் குக்கர் கத்தினால் அதற்கும். தெருவில் எல்லோரும் அவரைப் பைத்தியம் என்றார்கள். என் வரையில் அவரைவிடப் பெரிய கலைஞர் இல்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, அவரிடமும்கூட.

இன்று மாலை பாக்கியம் டீச்சர் என் மிஷின் அருகே வந்து நின்றார்.

"ஒனக்குத்தான் பிழையே வராது. நகராட்சிக்கு ஒரு மனு அடிச்சுக் குடு. கீழ இருக்கிற கிறுக்கனக் கெளப்பினாத்தான் நீங்கள்லாம் பாஸாவீங்க."

எனக்குத் தொந்தரவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க டீச்சர்" என்று வந்தது.

'இரைச்சல்' என்ற சொல்லை அடிக்கும்போது கீழே கம்பி என் விரல்களோடு சேர்ந்துகொண்டது. நான் வேகமெடுத்தால் அவரும் எடுத்தார். ஒரு புள்ளி வைக்க நான் தயங்கினால் அவரும் நின்று காத்திருந்தார். வரி முடிந்து மிஷினின் மணி ஒலித்தபோதெல்லாம் அதே சுருதியில் ஒரு சின்னச் சிரிப்பை வாசித்தார். வகுப்பே கையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அவர் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை.

மனு முடிந்தது. ஒரு பிழையும் இல்லை.

"யாரு சாமி அது மேல? நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சே, ஏன் நிறுத்திட்ட? இன்னும் கொஞ்சம் அடி!" என்று கீழிருந்து மரியசூசை கூவினார்.

டீச்சர் இன்னொரு வெள்ளைத் தாளை நீட்டி, "கலெக்டருக்கும் ஒண்ணு" என்றார்.

தாளைச் சொருகினேன்.