சார்ஜ் நிற்காத போன்

ஊரார் கொடுத்த பாட்டுகளை எல்லாம் வைத்திருந்த பெரிய சர்வர், "இனி நான் நினைத்தால்தான் பாட்டு," என்று ஒருநாள் கதவைச் சாத்தியது.

மடிக்கணினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாக் கருவிகளையும் கூட்டியது. "பாட்டுகள் நம்முடையவை. அவற்றின் பிரதிகள் நம்மிடமே இருக்கின்றன. ஆளுக்கொரு துண்டாக நாமே வைத்துக்கொண்டு, நமக்குள் கொடுத்து வாங்குவோம். யாருக்கு என்ன சிக்கல்? இப்போதே சொல்லுங்கள்."

கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் தயங்கியது. "எனக்குச் சார்ஜ் பாதியிலேயே போய்விடுமே."

"அப்படியானால் ஒவ்வொரு துண்டும் மூன்று பேரிடம் இருக்கட்டும்," என்று மடிக்கணினி தான் போட்ட திட்டத்தையே அழித்து எழுதியது.

பாட்டு ஊரெங்கும் ஓடியது.

சர்வர் உறுமியது. "எவன் உங்கள் தலைவன்? முதலில் அவனை அணைக்கிறேன்."

பழைய போன் முன்னால் வந்தது. "என்னையே அணைத்துப் பார். நான் பாதியில் அணைந்துபோவேன் என்று தெரிந்துதான் இதைக் கட்டியிருக்கிறோம்."