அசல் இங்கிலீஷ்

வெள்ளைக்காரர் பேசி நிறுத்தியதும் கிருஷ்ணராஜ் தலையாட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து மனைவி விஜயலெட்சுமியும் ஆட்டினாள். நடுவில் உட்கார்ந்திருந்த மகள் கம்சலா மட்டும் ஆட்டவில்லை.

“டைரக்டர் சேர் சொன்னதத் தமிழ்ல சொல்லணுமா?” என்று பாடசாலை நிர்வாகி ஜெயந்தினி சிரித்துக்கொண்டே கேட்டாள். “இங்க சேர்ற குடும்பங்களுக்கு அது தேவைப்படுறதில்ல. அதுதான் கேக்குறேன்.”

“என்னத்துக்கு மிஸ்! அதெல்லாம் நல்லா வெளங்குது” என்றார் கிருஷ்ணராஜ்.

விளங்கவில்லை. பதுளை பஜாரில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறவர் அவர். பெயின்ட் வாளியில் இருக்கும் இங்கிலீஷைத் தட்டுத் தடுமாறாமல் வாசிப்பார், வங்கிக் கடிதத்தைத் தானே படித்துக்கொள்வார். இந்த மனிதர் பேசியதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அதில்தான் அவருக்கு நம்பிக்கையே வந்தது. தனக்கு விளங்குகிற இங்கிலீஷைப் படிக்கவா மகளை இவ்வளவு தூரம் அனுப்புவது? அது தமிழ்ப் பாடசாலையிலேயே சும்மா கிடைக்கிறது.

தெமோதரைப் பாதையில் இருந்த பழைய தோட்டத்துத் துரை பங்களாவுக்கு வெள்ளையடித்து, இந்த வருடம்தான் சர்வதேசப் பாடசாலை ஆக்கியிருந்தார்கள். துரை உட்கார்ந்த இடத்தில் மறுபடியும் ஒரு வெள்ளைக்காரர். கிருஷ்ணராஜின் அப்பா இப்படி ஒரு பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர். மகன் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார். ஒரு தலைமுறைக்கு அது போதுமான முன்னேற்றம்.

“இருமொழிக் கல்வின்னு போர்டுல போட்டிருக்கு” என்று விஜயலெட்சுமி மெல்ல ஆரம்பித்தாள். “ஒன்னு இங்கிலீஷ். மத்தது என்னங்க மிஸ்?”

“அது பெற்றோர் விருப்பம்.”

“அப்ப தமிழ்...”

கிருஷ்ணராஜ் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். “ரெண்டுமே இங்கிலீஷா இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம், மிஸ்.”

டைரக்டர் கம்சலாவின் பக்கம் குனிந்தார். காலையிலிருந்து அவள் ‘மை நேம் இஸ் கம்சலா’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நீளமாக ஏதோ சொன்னார், சிரித்தார், கன்னத்தைத் தட்டினார். பெயரை எப்போது கேட்பார் என்று அவள் அவர் வாயையே பார்த்திருந்தாள். கேட்கவே இல்லை.

“வெக்கப்படுறா” என்று கிருஷ்ணராஜ் மகளுக்காக மன்னிப்புக் கேட்டார்.

வெளியே படியிறங்கும்போது விஜயலெட்சுமி அவர் காதோரம் வந்தாள்.

“என்னங்க சொன்னாரு?”

“ஏன், ஒனக்கு வெளங்கலயா?”

“வெளங்காம என்ன? நீங்க என்ன வெளங்கிக்கிட்டீங்கன்னு கேட்டேன்.”

“ஒழுக்கந்தான் முக்கியம்னாரு.”

“ம். எனக்கும் அப்பிடித்தான் வெளங்குச்சு.”

கம்சலா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, நான் பழைய ஸ்கூல்லயே இருக்கேனே. அங்க எனக்கு எல்லாப் பாடமும் வெளங்குதுப்பா.”

“எல்லாம் வெளங்குனா அது ஒரு படிப்பா? நாளைக்கு விடுகைப் பத்திரம் எடுக்கப் போறேன். எடுத்துட்டா அங்க திரும்பச் சேக்க மாட்டாங்க. அழுது ஆகப் போறது ஒன்னுமில்ல.”

வாசலில் அலவி ஓட்டோவோடு நின்றிருந்தான். பக்கத்து ஊரான எல்லவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்குகிறவன். ஆள் கிடைக்காத நாட்களில் கிருஷ்ணராஜின் கடைக்குச் சாமான் ஏற்றுவான்.

“என்ன மொதலாளி, இந்தப் பக்கம்?”

“மகளச் சேக்கப் போறேன். டைரக்டர் பேசுனாரு பாரு ஒரு இங்கிலீஷ்! அசல் லண்டன்.”

“யாரு, அந்தத் தாடிக்காரரா?” அலவிக்குச் சிரிப்பு வந்தது. “அவரு ரஷ்யாக்காரரு மொதலாளி. ஒம்பது வளைவுப் பாலம் பாக்க வந்து எல்லவுல தங்கியிருக்காரு. புள்ள சேக்க ஆள் வர்ற அன்னிக்கு மிஸ் போன் பண்ணுவாங்க, நான் ஏத்திட்டு வருவேன். நல்ல பகல் சாப்பாடு குடுக்குறாங்க. என்னத்துக்குக் கூப்புடுறாங்கன்னு அவருக்கே தெரியாது.”

“ரஷ்யாக்காரருன்னா இங்கிலீஷ் பேச மாட்டாங்களா என்ன?” என்று விஜயலெட்சுமி கோபமாகக் கேட்டாள்.

“இவரு பேச மாட்டாரு அக்கா. தண்ணி வேணும்னாலும் போத்தலக் காட்டித்தான் கேப்பாரு. உள்ள பேசுனது அவங்க பாஷையா இருக்கும்.”

கிருஷ்ணராஜின் காது மடல் சிவந்தது. விஜயலெட்சுமி தேயிலை மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கம்சலாவின் முகம் அன்று முதல் முறையாக மலர்ந்தது. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நான் நம்ம ஸ்கூலுக்கே போகலாந்தானே, அப்பா?”

கிருஷ்ணராஜுக்குப் பதுளை பஜார் நினைவுக்கு வந்தது. நகைக்கடைக்காரர், புடவைக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று ஒவ்வொருவரையும் மனதுக்குள் அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள்.

மகளின் கையிலிருந்து விரலை விடுவித்துக்கொண்டு, சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

“நாளைக்கே சேத்துருவோம். எனக்கே தெரியல, பஜார்ல வேற எவனுக்குத் தெரியப் போகுது?”